வெறும் தாளில் ஆடுகிறவர்கள்: புவேப்லோ நீர்வண்ண ஓவியங்கள்

11 ஜனவரி, ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பழங்குடிகளான புவேப்லோ மக்கள் 1920 வாக்கில் வரைந்த சடங்கு நடன ஓவியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் நாலைந்து பேர் ஆடுகிறார்கள். தரை இல்லை, வானம் இல்லை, நிழல் இல்லை. எல்லா முகமும் ஒரே மாதிரி. வெள்ளைக்கார வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க வரைந்தவை என்றுதான் தோன்றுகிறது. இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

11 ஜனவரி, இரவு

வாத்தியார் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல இடங்களில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

டோரதி டன் என்ற ஆசிரியை, மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயின் இந்தியப் பள்ளியில் (இங்கே 'இந்தியர்' என்றால் அமெரிக்கப் பழங்குடியினர்) 'ஸ்டூடியோ' என்ற ஓவிய வகுப்பைத் தொடங்கியது 1932இல். தட்டையான வண்ணம், வெறும் பின்புலம், நிழல் இல்லாத உருவம் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கிரெசென்சியோ மார்ட்டினெஸ் என்ற புவேப்லோ ஓவியர் 1918லேயே இறந்துவிட்டார். அவர் வரைந்த ஆட்டக்காரர்களும் இதே வெறும் தாளில்தான் நிற்கிறார்கள்.

கிரெசென்சியோ சான் இல்டெஃபோன்சோ ஊர்க்காரர். சாண்டா ஃபேக்கு வடமேற்கே, ரியோ கிராண்டே ஆற்றோரம், தேவா மொழி பேசும் ஊர் அது. பானைக்கு ஓவியம் தீட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. அவர் மனைவி, கறுப்புப் பானைகளால் உலகம் அறிந்த மரியா மார்ட்டினெஸின் உடன்பிறந்தவர். ஊர் ஆண்கள் பலரைப் போல அவரும் எட்கர் ஹியூவெட்டிடம் வேலை பார்த்தார். ஹியூவெட் சாண்டா ஃபேயில் அருங்காட்சியகத்தையும் தொல்லியல் பள்ளியையும் நடத்தியவர். ஊரின் கோடைக்கால, குளிர்கால ஆட்டங்களை வரிசையாக வரைந்து தரும்படி 1917இல் அவர் கிரெசென்சியோவிடம் கேட்டார். மறு வருடமே இன்ஃபுளுயன்சா கிரெசென்சியோவைக் கொண்டுபோய்விட்டது.

கேட்டவர் வெள்ளைக்காரர், வாங்கியவரும் வெள்ளைக்காரர். அதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரனின் இடுப்புக் கச்சை எந்தப் பக்கம் முடிச்சிட்டிருக்கும், குஞ்சம் எவ்வளவு தொங்கும், கால் எந்தத் தாளத்தில் மேலே வரும் என்பதெல்லாம் ஹியூவெட் சொல்லித் தெரிய வேண்டிய விஷயங்களா? அந்த ஆட்டத்தில் நின்றவருக்குத் தெரிந்தவை அவை.

12 ஜனவரி

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான் இல்டெஃபோன்சோ பகல்பள்ளியில் 1900களின் தொடக்கத்தில் எஸ்தர் ஹாய்ட் என்றொரு ஆசிரியை இருந்தார். அரசாங்கம் இந்தியப் பிள்ளைகளின் பழக்கவழக்கங்களைத் துடைத்தெறியச் சொன்ன காலம். அவர் பிள்ளைகளிடம் வண்ணங்களைக் கொடுத்து, ஊர் ஆட்டங்களை வரையச் சொன்னார். அங்கே உட்கார்ந்து வரைந்த பிள்ளைகளில் ஒருத்தி டொனீட்டா பெண்யா. அவரைப் பற்றி தனியாக எழுத வேண்டும்.

ஆக, ஆசிரியர்கள் இந்தக் கதையில் இருக்கிறார்கள். தாளும் வண்ணமும் கொடுத்தார்கள், வரைய இடம் கொடுத்தார்கள். எப்படி வரைவது என்பது வேறு இடத்திலிருந்து வந்தது.

13 ஜனவரி

ஃபிரெட் கபோட்டியின் கதை இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது.

அவர் அரிசோனாவின் ஹோப்பி இனத்தவர், ஷுங்கோபவி ஊர்க்காரர். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த குடும்பம். 1915இல் அவரை சாண்டா ஃபே இந்தியப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். வீடு பல நாள் பயணத் தொலைவு. அங்கே சொந்த மொழி பேசக்கூடாது, முடியை வெட்டிவிடுவார்கள், அணிவகுத்து நடக்க வேண்டும். பள்ளிக் கண்காணிப்பாளர் ஜான் டிஹஃபின் மனைவி எலிசபெத், 1918 வாக்கில் சில பையன்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து வரையச் சொன்னார். கபோட்டி, அதே ஹோப்பி ஊரைச் சேர்ந்த ஓட்டிஸ் போலெலோனெமா, சியா ஊரைச் சேர்ந்த வெலினோ ஷிஹே ஹெரேரா ஆகியோர் அதில் இருந்தார்கள். 1919இல் இவர்களின் படங்கள் சாண்டா ஃபே அருங்காட்சியகச் சுவரில் தொங்கின.

பையன் கபோட்டி என்ன வரைந்தான்? பள்ளிக் கட்டடத்தை அல்ல, சாண்டா ஃபே தெருவை அல்ல. ஊரில் பார்த்த ஆட்டக்காரர்களை. ஆட்களை விட்டு இவ்வளவு தூரம் வந்தபின் தனிமை வாட்டும், அப்போது சுற்றியுள்ளதை வரைய மாட்டோம், மனசில் இருப்பதைத்தான் வரைவோம் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

தாளின் வெறுமையை இப்படியும் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நினைவிலிருந்து வரையும்போது முதலில் வருவது ஆட்டக்காரரின் உடம்பும் உடையும் அசைவும்தான். பின்னால் இருந்த சுவர் வருவதில்லை.

15 ஜனவரி

இந்த ஓவியங்கள் வரையப்பட்ட வருடங்களில் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாமல் படத்தைப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

1883லிருந்தே இந்தியர்களின் சடங்கு ஆட்டங்களைக் குற்றமாகக் கருதும் விதிகள் இருந்தன. 1921இல் இந்திய விவகார ஆணையர் சார்லஸ் பர்க் ஒரு சுற்றறிக்கை விட்டார். 1923 பிப்ரவரியில் அதற்கு ஒரு பிற்சேர்க்கை வந்தது. அதில் சேர்த்த பரிந்துரைகளைப் படித்தால் வயிறு எரியும். மாதத்துக்கு ஓர் ஆட்டம் போதும், அதுவும் வார நடுவில், பகலில், வட்டாரத்துக்கு ஓர் இடத்தில். மார்ச், ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆட்டமே கூடாது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது.

மக்காச்சோளம் விளையும் மாதங்கள் எவை? சாண்டோ டொமிங்கோ ஊரின் பெரிய சோள ஆட்டம் ஆகஸ்ட் 4. விதைத்தபின் மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் ஆடுகிற மாதங்களைப் பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்காமல் வளர்ந்தால் ஒரே தலைமுறையில் ஆட்டம் செத்துவிடும் என்பதுதான் கணக்கு.

அதே வருடங்களில் சான் இல்டெஃபோன்சோ ஓவியர் அவா ட்சீரே ஒரு மேசையில் உட்கார்ந்து சோள ஆட்டத்தை வரைந்துகொண்டிருக்கிறார். அதற்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு பக்கம் அரசாங்கம் 'காட்டுமிராண்டித்தனம்' என்கிறது, இன்னொரு பக்கம் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் அதே ஆட்டம் படச்சட்டகத்துக்குள் சுவரில் தொங்குகிறது. வாங்கியவர்களில் சிலர் தடைக்கு எதிராக எழுதவும் செய்தார்கள். 1933இல் ஜான் காலியர் ஆணையராக வந்து, 1934இல் சடங்குகளில் தலையிடக்கூடாது என்று புதுச் சுற்றறிக்கை விட்டார். ஓவியங்களால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். புவேப்லோ ஊர்கள் சேர்ந்து நின்று போராடியதால் நடந்தது. ஆனால் ஆட்டத்தை அசிங்கம் என்று சொன்னவர்களுக்கு எதிரே, அது எவ்வளவு ஒழுங்கும் அழகும் உள்ளது என்று காட்டிய தாள்கள் இவை.

16 ஜனவரி

'சுற்றுலாப் பொருள்' என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். காசுக்கு வரைந்தார்கள், ஆமாம். குடும்பம் இருந்தது, நிலம் பறிபோய்க்கொண்டிருந்தது. காசுக்கு வரையாத பெரிய ஓவியர் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

18 ஜனவரி

சாண்டா ஃபேயில் ஒரு சேகரிப்பில், அவா ட்சீரேயின் படம் ஒன்றை, மேலே கண்ணாடி மூடாமல், பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. அவர் கிரெசென்சியோவின் மருமகன் முறை. 1898இல் பிறந்தவர், பள்ளிப் பதிவில் அல்ஃபோன்சோ ராய்பால். தாய் பானை செய்பவர். தாயின் பானைகளுக்கு இவர் ஓவியம் தீட்டியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கோடு புரியும். பானையின் வளைவில் அழித்தெழுத முடியாது. ஒரே இழுப்பில் போக வேண்டும். தாளிலும் அவர் கோடு அப்படித்தான், தயங்கின இடமே இல்லை.

நான் பார்த்த படத்தில் ஆண்களும் பெண்களும் மாறி மாறி நின்றார்கள். ஆணின் வெள்ளை இடுப்பாடை, அதன் ஓரத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகப் பூத்தையல். ஒவ்வொரு தையலையும் தனித்தனியாகப் போட்டிருந்தார். பின்னால் தொங்கும் நரித்தோலில் மயிரிழை அளவுக் கோடுகள், வால் நுனி மட்டும் வெளிர். முழங்காலுக்குக் கீழே ஆமையோட்டுக் கிலுகிலுப்பை. கையில் ஊசியிலைக் கொத்து, அதில் ஒவ்வோர் ஊசியும் எண்ணிவிடலாம் போல. பெண்ணின் தலையில் மேகப்படி வெட்டிய மரப்பலகை, கறுப்பு ஆடை, வெறுங்கால். ஆணின் கால் நன்றாக மேலே தூக்கியிருக்கிறது, பெண்ணின் பாதம் தரையைவிட்டு எழவே இல்லை. தரையே வரையாத படத்தில் அவள் தரையில் நிற்கிறாள் என்பது தெரிகிறது! அந்த ஆட்டத்தில் பெண்கள் நிஜமாகவே அப்படித்தான், காலை மண்ணோடு வைத்து நகர்வார்கள்.

முகம் எல்லாம் ஒரே மாதிரி என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்குள் போனவர் அன்றைக்குத் தனி ஆள் இல்லை. வரிசையில் ஒருவர். யாருடைய முகம் என்று அடையாளம் தெரிந்தால் அது உருவப்படம் ஆகிவிடும்.

20 ஜனவரி

ஒருவர் மடல் போட்டிருந்தார்: பழைய கீவா (சடங்குகளுக்கான அறை) சுவரோவியங்களை அகழ்ந்தெடுத்தார்களே, அதைப் பார்த்துத்தானே இவர்கள் வரைந்தார்கள் என்று.

வருடம் பொருந்தவில்லை. அரிசோனாவின் அவடோவியிலும், நியூ மெக்சிகோவில் பெர்னலிலோ பக்கத்துக் குவாவாவிலும் கீவாச் சுவர்களை, பூச்சுக்கு மேல் பூச்சாக இருந்த ஓவியங்களை, உரித்தெடுத்தது 1930களில். கிரெசென்சியோ, அவா ட்சீரே, கபோட்டி எல்லோரும் அதற்கு முன்பே வரைந்துவிட்டார்கள். ஆனால் ஊரில் புழக்கத்தில் இருந்த கீவாச் சுவர்களை அவர்கள் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்கள். பூசிய வெற்றுச் சுவரில் உருவம் மட்டும் நிற்பது அவர்களுக்குப் புதிதே அல்ல. அகழ்ந்த சுவர்கள் வெளியே வந்தபோது, பல நூறு வருடம் முந்தைய உருவங்களும் அப்படியே நின்றன. குவாவாவில் எடுத்ததை மறுபடி சுவரில் தீட்டிக்கொடுத்தவர் யார் தெரியுமா? எலிசபெத் டிஹஃப் வீட்டில் வரைந்த அந்த சியா ஊர்ப் பையன், வெலினோ ஷிஹே ஹெரேரா.

24 ஜனவரி

நேற்று சான் இல்டெஃபோன்சோவின் ஊர்த் திருநாள். நான் அல்புகர்க்கியில் இருப்பதால் இருட்டிலேயே கிளம்பிப் போனேன். விடியும்போது குன்றுப் பக்கத்திலிருந்து மான், காட்டெருமை வேடமிட்டவர்கள் இறங்கி வருகிறார்கள். மான்வேடக்காரர்கள் முன்பக்கம் குனிந்து, இரண்டு குச்சிகளை முன்னங்கால்களாக ஊன்றி நடக்கிறார்கள். தீ மூட்டியிருந்தார்கள், புகைக்கு நல்ல வாசனை. குளிரில் கன்னம் மரத்துவிட்டது. பிறகு பகலில் ஊர்த்திடலில் ஆட்டம்.

கேமரா கூடாது, போன் வெளியே எடுக்கக்கூடாது, குறிப்பு எழுதவோ வரையவோ கூடாது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆட்டக்காரர்கள் வந்தபின் நான் சுவரைப் பார்க்கவே இல்லை. அந்த ஊருக்கு வடக்கே கறுப்பு மேசைக்குன்று பெரிதாக நிற்கிறது. அது அங்கே இருப்பதே மறந்துபோனது. முரசு அடிக்கிறது, எல்லாக் காலும் ஒன்றாக எழுகிறது, கண் அங்கேயே இருக்கிறது. மேசைக்குன்றையும் வானத்தையும் பின்னால் அழகாகத் தீட்டியது அந்தக் காலத்தில் சாண்டா ஃபேக்கு வந்து குடியேறிய வெளியூர் ஓவியர்கள்தான். அவர்களுக்கு ஆட்டம் நிலக்காட்சியின் ஒரு பகுதி. கிரெசென்சியோவுக்கும் அவா ட்சீரேக்கும் ஆட்டம்தான் விஷயம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். சின்னப் பையன் ஒருவன் மான்வேடத்தில் தாளம் பிசகாமல் ஆடினான். பாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். 1923இன் அந்தப் பரிந்துரை நிறைவேறியிருந்தால் அவன் அங்கே இருந்திருக்கவே மாட்டான்.

26 ஜனவரி

கட்சினா எனும் புனித ஆவிகளின் முகமூடி உள்ள படங்களையும் இங்கே போடச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போட மாட்டேன்.

ஊர்த்திடலில் வெளியாட்களும் நின்று பார்க்கும் ஆட்டம் வேறு. கீவாவுக்குள் நடப்பதும், முகமூடியோடு வருவதும் வேறு. ரியோ கிராண்டே ஊர்களில் முகமூடி ஆட்டத்தை வெளியார் பார்க்கவே முடியாது. சான் இல்டெஃபோன்சோ ஓவியர்கள் பெரும்பாலும் திடல் ஆட்டங்களோடு நின்றுகொண்டார்கள். ஹோப்பிப் பக்கம் நிலைமை வேறு. 1900 வாக்கில் ஜெஸ்ஸி ஃபியூக்ஸ் என்ற மானிடவியலாளர் ஹோப்பி ஆட்களைக் கொண்டு கட்சினாப் படங்களை வரைய வைத்து, 1903இல் அரசு அறிக்கையில் அச்சிட்டார். அப்போதே ஊரில் இது சூனிய வேலை என்று பேச்சு கிளம்பியது. கபோட்டியின் தொடக்கப் படங்களிலும் கட்சினாக்கள் நிறைய.

2013இல் பாரீஸில் இந்தச் சடங்குப் பொருள்களை ஏலம் விட்டபோது ஹோப்பி மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அறக்கட்டளை ஒன்று ஏலத்தில் சிலவற்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தது. அவர்களுக்கு அவை பொருள்களே அல்ல, உயிருள்ளவை. படமும் பொருளும் ஒன்றல்ல என்று வாதாடலாம். அந்த வாதம் அவர்களுடையது, அதை நான் இங்கே உட்கார்ந்து முடித்துவைக்க முடியாது. கேட்டால்தான் போடலாம், கேட்கும் நிலையில் நான் இல்லை. திடல் ஆட்டங்களே பார்த்து முடியாத அளவுக்கு இருக்கின்றன.

27 ஜனவரி

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். தாளில் பின்புலம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ? கீவா ஏணியை வரையவில்லை, பலிபீடத்தை வரையவில்லை, எந்த வாசலிலிருந்து வருகிறார்கள் என்று வரையவில்லை. எதைக் காட்டலாமோ அதை மயிரிழை வரை காட்டிவிட்டு, மற்றதை வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். ஓவியர் ஒருவரும் இப்படி எழுதிவைக்கவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் 24ஆம் தேதி சொன்ன காரணத்தைவிட இதற்குத்தான் மனசு சாய்கிறது.

29 ஜனவரி

எல்லை மீறினால் ஊர் என்ன செய்யும் என்று கேட்டிருந்தார் ஒருவர். ஹெரேராவின் வாழ்க்கையே பதில். நியூ மெக்சிகோ மாநிலக் கொடியில் மஞ்சள் துணியில் சிவப்புச் சூரியன் இருக்கிறதே, அது சியா ஊரின் புனிதச் சின்னம். 1925இல் கொடியாக ஏற்றார்கள். வடிவமைத்தவர் ஹாரி மேரா என்ற மருத்துவர். சின்னத்தை வெளியே கொடுத்தவர் ஹெரேராதான் என்று ஊரில் பேச்சு எழுந்து, அவர் ஒதுக்கப்பட்டார். இன்று டாக்சிக் கதவு முதல் டீ-ஷர்ட் வரை அந்தச் சூரியன் இருக்கிறது. சியா மக்களைக் கேட்காமல் எடுத்தது எடுத்ததாகவே இருக்கிறது. படம் வரைந்தவருக்கு இருந்த ஆபத்து, வாங்கிச் சுவரில் மாட்டியவருக்கு இருந்ததில்லை.

2 பிப்ரவரி

டொனீட்டா பெண்யா. 12ஆம் தேதி தொட்டுவிட்டு விட்டது.

1893இல் சான் இல்டெஃபோன்சோவில் பிறந்தார். தாய் இறந்தபின் கோச்சிட்டி ஊரில் சித்தி மார்ட்டினா விகில் வீட்டில் வளர்ந்தார். சித்தியும் பேர்போன பானைக்கலைஞர். முதல் தலைமுறை நீர்வண்ண ஓவியர்களில் இவர் ஒருவர்தான் பெண். சடங்கு உருவங்களை வரைவது ஆண்களின் வேலை என்றிருந்த இடத்தில் இவர் வரைந்தார். இரண்டு முறை கணவனை இழந்தார். பிள்ளைகளை வளர்த்தார், சமைத்தார், பானை செய்தார், இடையில் வரைந்தார்.

இவருடைய ஆட்டக்காரர்களுக்கு எடை அதிகம். அவா ட்சீரேயின் உருவங்கள் தாளில் வெட்டி ஒட்டியதுபோல் துல்லியம், டொனீட்டாவின் ஆட்கள் மூச்சுவிடுகிறார்கள், தோள் திரும்புகிறது, உடை அசைகிறது. முரசடிப்பவர்கள், பாடுபவர்கள், ஆடுபவர்கள் என்று கூட்டமாக வரையும்போது யார் யாரைப் பார்த்துக் காலை எடுக்கிறார்கள் என்றுகூடத் தெரியும். எனக்கு இவர்தான் ஒரு படி மேல். அவா ட்சீரேயை முன்னால் வைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் என்று தெரியும். அவருடைய வானவில் மேல் ஏறி விளையாடும் கறுப்பு வெள்ளைக் கோமாளிகளைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது!

டொனீட்டாவின் மகன் ஜோ ஹெரேரா டோரதி டன் வகுப்பில் படித்து, பின்னால் பாறை ஓவியங்களையும் நவீன அரூப ஓவியத்தையும் சேர்த்து வேறு வழியில் போனார். தாய் மேசையில் வரைவதைப் பார்த்து வளர்ந்தவர்.

5 பிப்ரவரி

எங்கே பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அவா ட்சீரேயின் படங்கள் நிறைய உண்டு. கவிஞர் ஆலிஸ் கார்பின் ஹெண்டர்சனும் அவர் கணவரும் 1920களில் சேர்த்தவை, மகள் கொடுத்தது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இடுப்பாடை ஓரத்தைப் பெரிதாக்குங்கள், அப்புறம் பாதங்களை.

கபோட்டியை நேரில் பார்க்க கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்கள், டெசர்ட் வியூ கோபுரத்தின் உள்சுவரில் அவர் 1930களின் தொடக்கத்தில் தீட்டியதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலோர் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் கேள்வி கேட்டவர் நேற்று தனியே எழுதியிருந்தார், சோள ஆட்டம் பார்க்க வரலாமா என்று. வரலாம். சாண்டோ டொமிங்கோவில் ஆகஸ்ட் 4. ஊர் இப்போது கேவா என்ற தன் பழைய பெயரிலும் அழைக்கப்படுகிறது. வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்தால் கை தட்டக்கூடாது, ஆட்டக்காரர்களிடம் இது எதற்கு, அது எதற்கு என்று கேட்கக்கூடாது. யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், சாப்பிட்டதும் அடுத்தவருக்கு இடம் விட்டு எழுந்துவிடுங்கள்.